ஆர் பேக்கேஜில் சி++: டெம்ப்ளேட் எழுதிக் கொடுக்கும் கோப்புகளுக்குள் என்னதான் இருக்கிறது?

ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் சி++ சேர்த்து ஒரு பேக்கேஜ் எழுத உட்காருபவர்களில் பலர் முதலில் அடிப்பது ஒரே ஒரு கட்டளைதான். ஆரையும் சி++ஐயும் இணைக்கும் ஆர்சிபிபி என்ற பேக்கேஜில் உள்ள ஆர்சிபிபி.பேக்கேஜ்.ஸ்கெலிட்டன் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைப் போட்டால் ஒரு ஃபோல்டர் உருவாகிறது, அதற்குள் சில கோப்புகள், கூடவே ஒரு ஹலோ வேர்ல்டு. இன்ஸ்டால் செய்தால் ஆகிறது, கூப்பிட்டால் ஓடுகிறது. சரி என்று அந்த ஹலோ வேர்ல்டை அழித்துவிட்டு நம் நிரலைப் போட ஆரம்பித்துவிடுகிறோம். மற்ற கோப்புகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அப்புறம் கொஞ்ச நாள் கழித்து லினக்ஸில் ஓடுவது விண்டோஸில் லிங்க் ஆகவில்லை என்கிறது, பெயரை மாற்றியதும் எல்லாமே விழுந்துவிடுகிறது, அல்லது ஆர் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான கிரானுக்கு அனுப்பியதும் கேள்விப்பட்டே இராத ஒரு குறிப்புடன் திரும்பி வருகிறது. இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை நாம் எழுதிய சி++ நிரலில் இருப்பதில்லை. நாம் படிக்காமல் விட்ட, டெம்ப்ளேட் எழுதிக் கொடுத்த நாலைந்து வரிகளில்தான் இருக்கும். அந்த வரிகள் அங்கே ஏன் இருக்கின்றன, எவற்றை நாம் தொடலாம், எவற்றைத் தொடவே கூடாது, எவை காலப்போக்கில் கெட்டுப்போகும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை. ஆர் நிரல் மட்டும் உள்ள பேக்கேஜ் என்றால் வேலை சுலபம்: ஃபங்ஷன்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, டிஸ்கிரிப்ஷன், நேம்ஸ்பேஸ் என்று இரண்டு கோப்புகள் எழுதினால் முடிந்தது. சி, சி++, ஃபோர்ட்ரான் என்று கம்பைல் செய்யவேண்டிய நிரல் உள்ளே வந்ததும் கதை மாறுகிறது. இன்ஸ்டால் செய்யும்போது ஆர், எஸ்ஆர்சி ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் கம்பைல் செய்து, பேக்கேஜின் பெயரிலேயே ஒரு ஷேர்டு லைப்ரரியாகக் கட்டுகிறது. விண்டோஸில் அது டிஎல்எல். நீங்கள் பேக்கேஜை லோடு செய்யும்போது நேம்ஸ்பேஸ் கோப்பில் உள்ள யூஸ்டைன்லிப் என்ற வரியைப் பார்த்துத்தான் அந்த லைப்ரரி நினைவகத்துக்கு வருகிறது. அதன் பிறகு ஆர் பக்கத்தில் டாட்கால் என்ற ஃபங்ஷன், லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு சிம்பலை, அதாவது கம்பைல் ஆன ஒரு ஃபங்ஷனின் பெயரை, தேடிக் கூப்பிடுகிறது. டாட்சி, டாட்ஃபோர்ட்ரான் என்று பழைய வழிகளும் உண்டு. அவை உள்ளே இருக்கும் தரவின் பாயின்டரை மட்டும் அனுப்பும். டாட்கால் ஆர் பொருளையே முழுசாக அனுப்பும். இன்று புதிதாக எழுதுகிறவர்கள் டாட்கால் பக்கமே போவது நல்லது.

ஆக ஒரே பெயர் எத்தனை இடத்தில் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது பாருங்கள். டிஸ்கிரிப்ஷனில் பேக்கேஜ் பெயர், யூஸ்டைன்லிப் வரியில் அதே பெயர், லைப்ரரி லோடு ஆனதும் ஆர் கூப்பிடும் ஆர்_இனிட்_ என்று தொடங்கும் சி ஃபங்ஷனின் வாலில் அதே பெயர். பேக்கேஜ் பெயரில் புள்ளி வரலாம், சி ஃபங்ஷன் பெயரில் வர முடியாது, அதனால் அங்கே மட்டும் புள்ளி அடிக்கோடாக மாறும். கையால் எழுதினால் இதில் எங்கேயாவது ஒன்று நழுவும். டெம்ப்ளேட் கருவிகளின் முதல் பயனே இந்தப் பெயர்களை ஒன்றோடொன்று பொருத்திக் கொடுப்பதுதான்.

ஆர் மொழியோடே வரும் பேக்கேஜ்.ஸ்கெலிட்டன் என்ற ஃபங்ஷன்தான் இந்தக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது. அது ஃபோல்டர்களைப் போடும், உதவிப் பக்கங்களுக்கு வெற்று வடிவம் எழுதும், படித்துவிட்டு அழிக்கச் சொல்லி ஒரு கோப்பையும் வைக்கும். யார் படிக்கிறார்கள், யார் அழிக்கிறார்கள்! டிஸ்கிரிப்ஷன் கோப்பில் அது இட்டுவைத்த நிரப்பு வாசகங்கள் பிரசித்தம்: பராமரிப்பாளர் பெயருக்கு 'யாரிடம் புகார் செய்வது', மின்னஞ்சலுக்கு 'உன் தவறு' என்று தொடங்கும் ஒரு போலி முகவரி, உரிமம் என்ற இடத்தில் 'இது எந்த உரிமத்தில் வருகிறது?' என்ற கேள்வி. நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விளைவு என்னவென்றால் புத்தம் புதிதாக உருவான, ஒரு எழுத்துகூட மாற்றாத பேக்கேஜே ஆரின் சொந்தச் சோதனையான ஆர் சிஎம்டி செக்கில் எச்சரிக்கை இல்லாமல் தேறாது. தொடங்கும்போதே சிவப்பு. அதில் எது டெம்ப்ளேட்டின் குறை, எது நம் குறை என்று புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? இந்த எரிச்சலிலிருந்து பிறந்ததுதான் டர்க் எடல்பியூட்டல் 2014இல் வெளியிட்ட பிகேஜிகிட்டன். செய்வதெல்லாம் அதே வேலைதான், உருவான உடனே சோதனையில் சுத்தமாகத் தேறும் என்பது மட்டும்தான் வித்தியாசம். சின்ன விஷயம் போலத் தோன்றும். பச்சையிலிருந்து தொடங்கினால், நீங்கள் எதையோ செய்த பிறகு வரும் முதல் சிவப்பு நிச்சயமாக உங்களுடையது, தேடவேண்டிய இடம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பழைய ஸ்கெலிட்டன் இன்னொன்றும் செய்யும். நேம்ஸ்பேஸில், ஆங்கில எழுத்தில் தொடங்கும் எல்லா ஃபங்ஷன்களையும் வெளியே காட்டு என்று ஒரு பேட்டர்ன் வரி எழுதிவிடும். விளையாடிப் பார்க்க வசதி. வெளியிடப் போகிற பேக்கேஜில் இது இருந்தால் உங்கள் உள் உபயோக ஃபங்ஷன்கள் அத்தனையும் பயனர் கையில் போய்ச் சேரும், நாளைக்கு அதில் ஒன்றை மாற்றினாலும் யாராவது ஒருவர் நிரல் உடையும்.

இப்போது ஆர்சிபிபிக்கு வருவோம். 2005இல் டொமினிக் சாம்பெரி தொடங்கிய வேலை, 2008க்குப் பிறகு எடல்பியூட்டலும் ரொமேன் ஃபிரான்ஸ்வாவும் கையிலெடுத்து வளர்த்தது. இன்று கிரானில் 2,500க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இதை நம்பி இருக்கின்றன. இதன் ஸ்கெலிட்டன் எழுதித் தரும் டிஸ்கிரிப்ஷனில் இரண்டு இடத்தில் ஆர்சிபிபி பெயர் வரும்: இம்போர்ட்ஸ் என்பதில் ஒரு முறை, லிங்க்கிங்டூ என்பதில் ஒரு முறை. ஒன்றே போதாதா என்று ஒன்றை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் இரண்டு வேலை. லிங்க்கிங்டூ என்பது பெயரைப் பார்த்தால் லிங்க் செய்வது போல இருக்கும், உண்மையில் அது எதையும் லிங்க் செய்வதில்லை. கம்பைல் செய்யும்போது ஆர்சிபிபியின் ஹெடர் கோப்புகள் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருப்பவை) எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்லும், அவ்வளவுதான். இம்போர்ட்ஸ், பேக்கேஜ் ஓடும்போது ஆர்சிபிபி அந்தக் கணினியில் இருந்தாக வேண்டும் என்று சொல்கிறது.

இதோடு முடியவில்லை. நேம்ஸ்பேஸில் ஆர்சிபிபியிலிருந்து இவால்சிபிபி என்ற ஃபங்ஷனை இறக்குமதி செய்யும் ஒரு வரி இருக்கும். உங்கள் நிரலில் அதை எங்கேயும் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். தேவையில்லாத வரி என்று நினைத்து நீக்கினால், கம்பைல் ஆகும், சில சமயம் ஓடவும் ஓடும், பிறகு புதிதாகத் திறந்த ஒரு ஆர் செஷனில், ஆர்சிபிபி இந்த ஃபங்ஷனைத் தரவில்லை என்று ஒரு பிழை வந்து நிற்கும். காரணம்: டிஸ்கிரிப்ஷனில் பெயர் இருப்பது மட்டும் ஆர்சிபிபியை நினைவகத்துக்குக் கொண்டுவராது. நேம்ஸ்பேஸில் ஏதாவது ஒன்றை இறக்குமதி செய்தால்தான் அது லோடு ஆகும், லோடு ஆனால்தான் அதன் உள் ஃபங்ஷன்கள் மற்ற பேக்கேஜ்களுக்குக் கிடைக்கும்படி பதிவாகும். எதை இறக்குமதி செய்கிறோம் என்பது முக்கியமே இல்லை, ஏதோ ஒன்று வேண்டும். இவால்சிபிபி அந்த 'ஏதோ ஒன்று'. 'சில சமயம் ஓடும்' என்பதுதான் இதில் மோசமான பகுதி. வேறு ஏதாவது பேக்கேஜ் ஏற்கெனவே ஆர்சிபிபியை லோடு செய்திருந்தால் குறை தெரியவே தெரியாது.

அடுத்து ஆர்சிபிபிஎக்ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு கோப்புகள், ஒன்று சி++ பக்கம், ஒன்று ஆர் பக்கம். 2012இல் ஆர்சிபிபி 0.10.0 பதிப்போடு ஆட்ரிபியூட்ஸ் என்ற வசதி வந்தது. சி++ ஃபங்ஷனுக்கு மேலே ஒரு சிறப்புக் கமென்ட் எழுதினால் போதும், கம்பைல்ஆட்ரிபியூட்ஸ் என்ற ஃபங்ஷன் உங்கள் நிரலைப் படித்து, ஆருக்கும் சி++க்கும் நடுவே தேவையான இணைப்பு நிரலைத் தானே எழுதிக் கொள்ளும். இந்த இரண்டு கோப்புகளும் அது எழுதியவை. ஒவ்வொரு முறை அதை ஓட்டும்போதும் அழிந்து புதிதாக எழுதப்படும். உள்ளே நீங்கள் கையால் செய்த திருத்தம் எதுவும் தங்காது. கோப்பின் தலையிலேயே கையால் திருத்தாதே என்று எழுதியிருக்கும். கூடவே ஒரு நீண்ட அடையாளக் குறியும் இருக்கும், தான் எழுதிய கோப்பைத்தான் மேலெழுதுகிறோமா என்று அது சரிபார்த்துக்கொள்வதற்காக.

டெம்ப்ளேட்டைப் புரிந்துகொள்ள என்னைக் கேட்டால் இந்த ஒரு வேறுபாடுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கோப்புகள் உண்டு: டிஸ்கிரிப்ஷன், நேம்ஸ்பேஸ், கம்பைலருக்கும் லிங்கருக்கும் அமைப்புகளைச் சொல்லும் மேக்வார்ஸ். எழுதி முடித்த கணத்திலிருந்து அவை உங்கள் பொறுப்பு, பிறகு எந்தக் கருவியும் அவற்றைச் சரிசெய்யாது. ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதப்படும் கோப்புகள் வேறு, அவை கருவியின் பொறுப்பு. ஃபோல்டரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஆட்கள் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள், திருத்தக்கூடாததைத் திருத்துகிறார்கள், கவனிக்கவேண்டியதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பெயர் மாற்றும்போது நடப்பதைப் பாருங்கள், இது கிட்டத்தில் பார்க்கத் தகுந்தது. பேக்கேஜுக்குச் 'சோதனை' என்று பெயர் வைத்துத் தொடங்கினீர்கள், பிறகு 'அளவை' என்று மாற்றுகிறீர்கள். டிஸ்கிரிப்ஷனில் மாற்றியாயிற்று, நேம்ஸ்பேஸின் யூஸ்டைன்லிப் வரியிலும் மாற்றியாயிற்று. கம்பைல் பிரச்சினையில்லாமல் முடிகிறது. கூப்பிட்டால் விழுகிறது. ஏனென்றால் ஆர்சிபிபிஎக்ஸ்போர்ட்ஸுக்குள் ஒவ்வொரு சிம்பலுக்கும் முன்னால் ஒரு அடிக்கோடு, அப்புறம் பேக்கேஜ் பெயர், இன்னொரு அடிக்கோடு, பிறகுதான் ஃபங்ஷன் பெயர் என்று இருக்கும். அங்கே இன்னும் 'சோதனை'தான். அதே கோப்பில் உள்ள இனிட் ஃபங்ஷனின் பெயரிலும் 'சோதனை'. புதுப் பெயருள்ள லைப்ரரியை லோடு செய்த ஆர், ஆர்_இனிட்_அளவை என்ற ஃபங்ஷனைத் தேடும், கிடைக்காவிட்டால் புகார் எதுவும் சொல்லாமல் போய்விடும். சிம்பல்களை ஆரிடம் பதிவு செய்வது அந்த இனிட் ஃபங்ஷன்தான். அது ஓடாததால் பதிவு நடக்கவில்லை, அதனால் ஆர் பக்கத்தில் சிம்பல் பொருளே உருவாகவில்லை. கம்பைல்ஆட்ரிபியூட்ஸை ஒரு தரம் ஓட்டினால் தீர்ந்தது. ஆனால் பிழைச்செய்தி மட்டும் ஏதோ ஒரு பொருள் காணவில்லை என்று சொல்லுமே தவிர, பெயர் மாற்றியதால் வந்த வினை என்று சொல்லாது.

மேக்வார்ஸ் கோப்புக்கு வருவோம். நேரியல் இயற்கணிதம் வேண்டும் என்பவர்கள், ஆர்மடில்லோ என்ற சி++ லைப்ரரியை ஆருக்குள் கொண்டுவரும் ஆர்சிபிபிஆர்மடில்லோவின் ஸ்கெலிட்டனைப் பயன்படுத்துவார்கள். அது கூடுதலாக மேக்வார்ஸ், விண்டோஸுக்கான மேக்வார்ஸ் என்று இரண்டு கோப்புகள் எழுதும். உள்ளே பிகேஜி_லிப்ஸ் என்ற வரியில் லாபேக், பிளாஸ் என்ற மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரிகளும் ஃபோர்ட்ரான் லைப்ரரிகளும் இந்த வரிசையில் இருக்கும். ஆர்மடில்லோ என்பது பெரும்பாலும் ஹெடர்களால் ஆனது. மேட்ரிக்ஸைப் பெருக்குவது, சோலஸ்கி பிரிப்பது போன்ற கனமான வேலையை அது லாபேக்கிடமும் பிளாஸிடமும் தள்ளிவிடும். ஹெடர் கிடைத்தால் கம்பைல் ஆகிவிடும், லைப்ரரி கிடைத்தால்தான் ஓடும்.

இங்கே வழக்கமாக ஒருவர் மாட்டும் விதம் இது. முதலில் தனி சி++ கோப்பை, பேக்கேஜ் இல்லாமலே கம்பைல் செய்து ஓட்டும் சோர்ஸ்சிபிபி மூலம் ஓட்டிப் பார்க்கிறார். கோப்பின் மேலே, இது ஆர்மடில்லோவைச் சார்ந்தது என்று ஒரு கமென்ட் வரி. அற்புதமாக ஓடுகிறது. அதே கோப்பை அப்படியே ஒரு பேக்கேஜின் எஸ்ஆர்சி ஃபோல்டரில் போடுகிறார், ஹெடர் கிடைக்க லிங்க்கிங்டூவில் பெயரும் சேர்க்கிறார். லினக்ஸில் கம்பைல் ஆகிறது, லைப்ரரியும் உருவாகிறது, லோடு செய்யும்போது மட்டும் வரையறுக்கப்படாத சிம்பல் என்று சொல்லி டிபிஓடிஆர்எஃப் மாதிரி ஒரு வினோதப் பெயரோடு நின்றுவிடுகிறது. அது லாபேக்கின் சோலஸ்கி ரூட்டீன். சோர்ஸ்சிபிபி அந்தக் கமென்ட் வரியைப் பார்த்து, எந்த லைப்ரரிகளோடு லிங்க் செய்ய வேண்டும் என்ற ஃப்ளாக்குகளைத் தானே போட்டுக்கொண்டது. பேக்கேஜில் அந்த வரி அந்த வேலையைச் செய்யாது, அங்கே மேக்வார்ஸ்தான் சொல்ல வேண்டும். லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி கட்டும்போது, தெரியாத சிம்பல் இருந்தாலும் லிங்கர் பொறுத்துக்கொள்ளும், பிறகு யாராவது தருவார்கள் என்று. விண்டோஸ் டிஎல்எல் அப்படி விடாது, கட்டும்போதே எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். ஆகவே அதே குறை அங்கே லிங்க் பிழையாகவே வந்துவிடும். எனக்கு இந்த விஷயத்தில் விண்டோஸின் கறார்தான் பிடித்திருக்கிறது.

அந்த மூன்று லைப்ரரிகளின் வரிசையும் சும்மா இல்லை. லாபேக் பிளாஸைக் கூப்பிடும், அவை இரண்டும் ஃபோர்ட்ரான் ரன்டைமைக் கூப்பிடலாம், ஆகவே கூப்பிடுகிறது முன்னால், கூப்பிடப்படுவது பின்னால். லாபேக்கைப் போட்டு பிளாஸை விட்டாலோ, பிளாஸைப் போட்டு ஃபோர்ட்ரானை விட்டாலோ ஆர் சோதனையே கண்டுபிடித்துச் சொல்லும். இன்னொரு சின்ன விஷயம், ஆர்மடில்லோ ஹெடரைச் சேர்க்கும் கோப்பில் அதற்கு முன்னால் ஆர்சிபிபி ஹெடரைச் சேர்க்கக்கூடாது. இரண்டும் போட்டால் தப்பில்லை என்று தோன்றும். வகை மாற்ற அறிவிப்புகள் ஆர்சிபிபி உள்ளே வருவதற்கு முன்பே வந்தாக வேண்டும் என்பதால் ஆர்மடில்லோ ஹெடர் மட்டும் போதும், ஆர்சிபிபியை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இனி, கெட்டுப்போகும் வரிகள். டெம்ப்ளேட் என்பது அதை ஓட்டிய நாளில் இருந்த விதிகளின் புகைப்படம். விதிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன, படம் அப்படியே இருக்கிறது. 2014 பிப்ரவரிக்கு முன்பு ஆர்சிபிபி பேக்கேஜ் ஒவ்வொன்றும் மேக்வார்ஸில் ஆர்சிபிபியின் சொந்த லைப்ரரியோடு லிங்க் செய்ய ஒரு நீளமான வரியைச் சுமந்துகொண்டிருந்தது. 0.11.0 பதிப்பு வந்ததும் அந்தத் தேவையே போய்விட்டது. ஆனால் பழைய பேக்கேஜ்களிலிருந்து மேக்வார்ஸை நகல் எடுத்துப் போடும் பழக்கத்தால் அந்த வரி அதற்குப் பிறகு பிறந்த பேக்கேஜ்களிலும் தொற்றிக்கொண்டு வந்தது. 2017 ஏப்ரலில் ஆர் 3.4.0 வந்தபோது, கம்பைல் செய்த ரூட்டீன்களை முறைப்படி பதிவு செய்யவில்லை என்றால் சோதனையில் குறிப்பு வர ஆரம்பித்தது. ஏற்கெனவே கிரானில் இருந்த ஏராளமான பேக்கேஜ்கள் ஒரே நாளில் 'பழையதாகி'ப் போயின. அதற்கான நிரலை எழுதித் தர ஆரே டூல்ஸ் பேக்கேஜில் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தது, ஆர்சிபிபியும் கொஞ்ச நாளில் கம்பைல்ஆட்ரிபியூட்ஸுக்குள்ளேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் யூஸ்டைன்லிப் வரியில் ரெஜிஸ்ட்ரேஷன் என்ற சொல்லைச் சேர்ப்பது மட்டும் உங்கள் கையில்தான் இருந்தது, ஏனென்றால் நேம்ஸ்பேஸ் ஒரு முறை மட்டும் எழுதப்படும் கோப்பு.

எனக்குப் பிடித்த உதாரணம் சி++ பதிப்பு வரிதான். ஒரு காலத்தில் ஆரின் இயல்பான சி++ பதிப்பு 98ஆக இருந்தது. புதிய வசதி வேண்டுமானால் மேக்வார்ஸில் சி++11 என்று எழுதியாக வேண்டும், ஆர்மடில்லோ ஸ்கெலிட்டனும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தது. பிறகு ஆர் 4.1.0இல் இயல்பு நிலை சி++14 ஆனது, 4.3.0இல் சி++17. மேலே ஏற்றிவிட எழுதிய வரி இப்போது கீழே இழுக்கும் வரியாகிவிட்டது. புதிய ஆர் சோதனை, சி++11 கேட்டிருக்கிறாயே, தேவையில்லை என்றால் எடுத்துவிடு என்று சொல்லும். ஆர்மடில்லோ 15.0 குறைந்தபட்சம் சி++14 கேட்கத் தொடங்கியதும் இது வெறும் குறிப்பாக இல்லாமல் நிஜமான இடைஞ்சலாகிவிட்டது, பழைய பேக்கேஜ்கள் ஒரேயடியாக உடையாமல் இருக்க ஆர்சிபிபிஆர்மடில்லோ பழைய பதிப்பையும் சேர்த்தே சுமக்க வேண்டி வந்தது. அந்தப் பேக்கேஜ்களின் ஆசிரியர்களில் எத்தனை பேர் சி++11 வேண்டும் என்று யோசித்து எழுதியிருப்பார்கள்? டெம்ப்ளேட் எழுதியது, இவர்கள் தொடவில்லை, அவ்வளவுதான்.

முழு பேக்கேஜையும் உருவாக்காமல், இருக்கிற பேக்கேஜில் துண்டு துண்டாகச் சேர்ப்பது இன்னொரு வழி. யூஸ்திஸ் பேக்கேஜில் யூஸ்_ஆர்சிபிபி, யூஸ்_சிபிபி11 என்றெல்லாம் ஃபங்ஷன்கள் உண்டு (சிபிபி11 என்பது ஆர்சிபிபி போலவே இன்னொரு இணைப்பு பேக்கேஜ்). எஸ்ஆர்சி ஃபோல்டர் போடும், டிஸ்கிரிப்ஷனில் வரி சேர்க்கும், கம்பைல் கழிவுகள் பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டில் போகாதபடி இக்னோர் கோப்பும் வைக்கும். நேம்ஸ்பேஸை நேரடியாகத் தொடாமல், ஆர்ஆக்சிஜன் என்ற கருவி படிக்கும் கமென்டுகளாக எழுதி, அதிலிருந்து நேம்ஸ்பேஸ் உருவாகட்டும் என்று விடும். அதாவது முதல் வகைக் கோப்பை இரண்டாம் வகைக்கு மாற்றிவிடுகிறது, நல்ல யோசனை. ஆனால் இரண்டு முறையையும் கலந்தால் வம்பு: பழைய ஸ்கெலிட்டனில் தொடங்கி நடுவில் ஆர்ஆக்சிஜனுக்கு மாறினால், நேம்ஸ்பேஸ் நான் எழுதியது இல்லை என்று சொல்லி அது தாண்டிப் போய்விடும். பழைய நேம்ஸ்பேஸை அழித்துவிட்டு ஓட்டினால் எழுதும், ஆனால் யூஸ்டைன்லிப்பையும் ஆர்சிபிபி இறக்குமதியையும் கமென்டாக எழுதி வைத்திருக்காவிட்டால் அவை இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும். சிபிபி11 விஷயத்தில் அந்த இறக்குமதிப் பிரச்சினையே இல்லை, அது ஹெடர்கள் மட்டும் என்பதால் லிங்க்கிங்டூ ஒன்றே போதும்.

ஸ்டான் என்ற புள்ளியியல் மாடல் மொழியில் எழுதிய மாடல்களைப் பேக்கேஜாக்குவது இன்னும் கனமானது. ஆர்ஸ்டான்டூல்ஸின் டெம்ப்ளேட் லிங்க்கிங்டூவில் ஆறு பேக்கேஜ்களை எழுதும், கூடவே கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒன்றும் வைக்கும். இன்ஸ்டால் செய்யும்போது ஸ்டான் கோப்பு சி++ ஆக மாறி, பிறகு அது கம்பைல் ஆகும், அதற்கு ஆகும் நேரத்தில் எழுந்து ஒரு நடை போய்வரலாம். இங்கே கையால் எழுதிப் பார்க்கிறேன் என்று யாரும் முயலவேண்டாம். ரஸ்ட் மொழிப் பக்கம் போனால் ஆர்எக்ஸ்டென்டரின் டெம்ப்ளேட், ரஸ்ட் நிரலோடு சின்ன சி கோப்பு ஒன்றையும் எழுதும், ஆர் தேடும் அந்த இனிட் ஃபங்ஷன் சி வடிவில் இருந்தாக வேண்டுமே. இதில் கிரான் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன: சார்பு நிரல்களைப் பொதுவாக இன்ஸ்டால் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்காமல் பேக்கேஜுக்குள்ளேயே கட்டி அனுப்ப வேண்டும், கம்பைல் செய்யும்போது இரண்டு திரெட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது.

டெம்ப்ளேட்டை ஓட்டியதும் எதையும் மாற்றுவதற்கு முன்பு சோதனையை ஒரு தரம் ஓட்டி, அந்த நிலையை அப்படியே கிட்டில் கமிட் செய்துவிடுங்கள். பிறகு நீங்கள் மாற்றியது எது, கருவி எழுதியது எது என்ற கேள்விக்கு டிஃப் பதில் சொல்லும். டிஸ்கிரிப்ஷனில் ஆர்சிபிபியின் குறைந்தபட்சப் பதிப்பாக உங்கள் கணினியில் அன்று இருந்த பதிப்பையே ஸ்கெலிட்டன் எழுதியிருக்கும், அது நிஜமாகவே தேவையா என்று அப்போதே பாருங்கள். ஏற்கெனவே சில வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பேக்கேஜ் என்றால், ஆரையும் ஆர்சிபிபியையும் புதுப்பித்த பிறகு, தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் அதே பெயரில் ஒரு புது ஸ்கெலிட்டனை உருவாக்கி, இரண்டின் டிஸ்கிரிப்ஷன், நேம்ஸ்பேஸ், மேக்வார்ஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் வரிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும், அதில் ஒன்று அநேகமாக அந்த சி++11ஆகத்தான் இருக்கும்.